பெட்ரோல் மூடிக்கு வைத்த பொட்டு

எங்கள் வேன் எதனால் ஓடுகிறது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பெட்ரோலால் என்பார் அப்பா. வெள்ளிக்கிழமை தவறாமல் தான் வைக்கும் பொட்டால் என்பாள் அம்மா. அது எதனால் நிற்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் அப்பா அதை வாங்கினார். அதற்கு முன்பு மாமல்லபுரத்தில் அடுத்தவர் கார்களை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்த வண்டி வந்ததும் நடையே மாறிவிட்டது. ஓட்டல்களில் தங்குகிறவர்களை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போவார். சவாரி இல்லாத நாளில் அது குடும்ப வண்டி. காதுகுத்து, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதில்தான் போனோம், அடிக்கடி பாதி வழிவரை மட்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இரண்டு முறை இருமும், பிறகு இழுத்து இழுத்து நின்றுவிடும். சற்று நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஒருமுறை வேடந்தாங்கல் போகும் வழியில் நின்றபோது, வண்டியில் வந்தவர்கள் பக்கத்து வயலில் மேய்ந்த கொக்குகளைப் படம் எடுத்துக்கொண்டு, ஏரிக்குப் போகாமலேயே பறவை பார்த்தாயிற்று என்று சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெக்கானிக் செய்யாத வைத்தியம் இல்லை. டேங்கில் துரு என்றார், டேங்கைக் கழற்றி மூடியோடு சேர்த்துக் கழுவினார். ஃபில்டரை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் சில நாள் வண்டி ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதைதான். கடைசியில் அவரும் கையை விரித்துவிட்டார். "இதுக்குப் பேய் புட்சிகீது அண்ணாத்த. என்னால ஆவாது."

பேய்க்கு அம்மாவிடம் மருந்து இருந்தது. மஞ்சளும் சந்தனமும் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, ஸ்டியரிங், விளக்குகள், சக்கரங்கள் என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்பாள். எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு பெட்ரோல் டேங்க் மூடிக்கு. அதற்கு எதற்கு என்று நான் கேட்டபோது, "அதானே வண்டிக்கு வாயி. துன்ற எடத்த சும்மா வுடலாமா?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. செங்கல்பட்டில் கல்லூரியில் பிசிக்ஸ் கிடைத்தபோது தெருவில் இரண்டு முறை தேவையில்லாமல் நடந்தேன். முதல் நாள் நான் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வழியில் நின்று மானம் போகும், பேசாமல் பஸ்ஸில் போகலாம் என்பது அம்மாவின் கட்சி. வண்டியை விற்றுத் தொலைக்கும்படி அவள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாளைக்கு நடுவுல நின்னுச்சுன்னா வித்துடறேன். போதுமா?"

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். வண்டி போனால் அவர் மறுபடியும் அடுத்தவர் காருக்கு டிரைவர். நான் கல்லூரியைப் பற்றிப் பயப்படுவதை விட்டுவிட்டு வண்டியைப் பற்றிப் பயப்பட ஆரம்பித்தேன்.

அப்பா முந்தின நாளே டேங்கை நிரப்பி வைத்தார். விடிந்ததும் அம்மா வழக்கத்தைவிடத் தடியாகப் பொட்டு வைத்தாள். விற்கச் சொன்னவள் அவள்தான், ஆனாலும் நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அல்லவா.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வேன் இருமியது. இழுத்தது. நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் எங்களைக் கடக்கும்போது படிக்கட்டில் நின்ற ஒருவர், "ஏறிக்கோ அண்ணாத்த, எடம் கீது" என்றார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, பெட்ரோலு ஊத்துனியா இல்லியா?" என்றாள் அம்மா.

ஒரு டிரைவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அப்பா குதித்து இறங்கி, நீயே வந்து பார் என்று டேங்க் மூடியைத் திருகினார். நானும் பின்னாலேயே போனேன். மூடி விலகியதும் உஸ்ஸென்று காற்று டேங்குக்குள் பாய்ந்தது. பெட்ரோல் தளும்ப இருந்தது. அப்பா போய்ச் சாவியைத் திருப்பினார், வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அந்த உஸ் சத்தம்தான் காதிலேயே நின்றது. மூடியை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, சிமெண்டுபோல் இறுகியிருந்த மஞ்சளைச் சுரண்டினேன். நடுவில் குண்டூசி அளவுக்கு ஒரு ஓட்டை வெளிப்பட்டது.

"காத்து உள்ள போவ வழியில்ல நைனா. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு வெளிய வரும். பொட்டு அடச்சிகினு கீது."

அப்பா மூடியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மா மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள்.

"எண்ணெ டின்னுக்கு ரெண்டு ஓட்ட போடற மாரியா?"

"ஆமாம்மா."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இத்தினி வருசமா படிக்கிற."

அதன்பிறகு வண்டி செங்கல்பட்டுவரை மூச்சுவிட்டுக்கொண்டு ஓடியது. எங்களைக் கேலி செய்த பஸ்ஸை வழியில் முந்தினோம், அப்பா ஹார்ன்கூட அடிக்கவில்லை. கல்லூரி வாசலில் நிறுத்தியபோதும் அவர் முகம் தெளியவில்லை. நின்றது நின்றதுதானே, சொன்ன சொல் என்ன ஆவது என்றார்.

"வண்டியா நின்னுச்சு? நாந்தானே நிறுத்துனேன்" என்றாள் அம்மா. "நான் நிறுத்துனதுக்கு வண்டிய எதுக்கு விக்கணும்?"

"அப்ப உன்னத்தான் விக்கணும்."

"வித்துப் பாரு. எவன் வாங்குறான்னு நானும் பாக்கறேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வாட்ச்மேன் வந்து வழியை மறிக்காதீர்கள் என்று சொல்லும்வரை சிரித்தார். அப்புறம் கீழே இறங்கிச் சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், ஓட்டல் வாசலில் வெள்ளைக்காரர்களுக்குத் திறப்பதுபோல. புதுச் செருப்பில் நான் இறங்கியதை நிறையப் பேர் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டேங்க் மூடியைத் துடைத்து விட்டுவிட்டு, அதற்கு ஒரு விரல் கீழே, தகரத்தில், பெரிதாகப் பொட்டு வைத்திருந்தாள் அம்மா. உள்ளே கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டிய கயிற்றில் அந்தக் கொண்டை ஊசியும் தொங்கியது.