உள்பக்கத் தாழ்ப்பாள்

முகம்கூடத் தெரியாத ஒரு ஆள்மேல் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். தாண்டிக்குடி மலையில், ஒரு அடைமழைக் காலத்தில். என் மனைவி வீட்டிலிருந்தபடியே மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுகிற வேலை பார்த்தாள். சீக்காளிகளின் அந்தரங்கம் புழங்குகிற வேலை என்பதால் ஏகப்பட்ட கண்டிஷன். தனி அறை வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், உள்ளே செல்போன் கூடாது, கேமராவில் வேறு மூஞ்சி தெரியவே கூடாது. காலையில் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மழையில் நான் ஓட்டுகிற ஜீப்புக்குச் சவாரி கிடையாது. அந்தப் போனுக்குக் காவலாக நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

பலகைச் சுவர்தானே, குரல் நன்றாகக் கேட்கும். "சாப்பிட்டீங்களா சார்? மாத்திரை போட்டீங்களா?" என்னை அவள் அப்படிக் கேட்டு எத்தனை நாளாச்சு!

ஒருநாள் காலை உள்ளே அவள் குரல் தழுதழுத்தது. "அழாதீங்க சார், நான் இருக்கேன்ல." நாலு நாளாக இதே சார்தான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மழைக்கு ஊதிப்போன கதவில் கொண்டி விழாது என்று உள்ளிருந்து காலி கேஸ் சிலிண்டரை முட்டுக் கொடுத்திருந்தாள். தோளால் ஓங்கி இடித்தேன். சிலிண்டர் உருண்டது. என் மூஞ்சியைக் கேமரா பார்த்ததும் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொண்டது.

கையிலிருந்த அவள் போன் அலறியது. அழைத்தது அவளுடைய மேலதிகாரி மேடம். என் மனைவி அதைப் பிடுங்கிப் பேசினாள். "என் வீட்டுக்காரர்தான் மேடம். மழைக்குக் கதவு ஊதிக் கெடக்கு, தானா தொறந்துக்கிச்சு."

உள்ளே தாழ்ப்பாள் மாட்டிப் போட்டோ அனுப்ப வேண்டும், இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்றார்களாம். அந்த வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு அந்த சாரு?" என்றேன், வெட்கங்கெட்டு.

"சொல்ல மாட்டேன். அது அவங்க வீட்டுச் சோலி. நீங்க சந்தேகத்துல இடிச்சதை மேடம்கிட்டச் சொன்னேனா?"

ஊதியிருந்த கதவோரத்தைச் சீவினேன். கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்து, உள்பக்கம் நானே திருகினேன். போட்டோ போனது. போனை மறுபடி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

"தள்ளிப் பாருங்க."

மெதுவாகத் தள்ளினேன்.

"இப்படியா? காலையில தள்ளுனீங்கள்ல, அப்படித் தள்ளுங்க."

தோளைக் கொடுத்து முட்டினேன். கதவு அசையவில்லை.

"போதுங்க," என்றாள்.