அம்மாவுக்கு வந்த கட்டி

பெரம்பலூரில் என்னைப் பார்க்கும் பெண் மருத்துவர் கேட்டது சின்னக் கேள்விதான். "வீட்டுல யாருக்காவது மார்புப் புற்றுநோய் இருந்திருக்குதாங்க? அம்மா, அக்கா, தங்கச்சி?"

அக்கா தங்கை எனக்கு இல்லை. அம்மா என் பதினேழாவது வயதில் இறந்தாள். புரட்டாசி மாதம், வியாழக்கிழமை. நாள் தெரியும், நோய் தெரியாது. வயிற்றுவலி என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். கீழப்பழுவூர்க் கல்வெட்டில் எது எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கேட்டால் பார்க்காமல் சொல்வேன். சிறுபத்திரிகைகளில் எழுதியும் இருக்கிறேன். "விசாரிச்சுட்டு வரேன் டாக்டர்" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. திடீரென்று கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் பரவும், ரவிக்கை நனைந்துவிடும். தூக்கமும் போயிற்று. ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பக்கவாதம், ரத்தக்கட்டு, மார்புப் புற்றுநோய் என்று ஒரு பெரிய ஆய்வு எல்லோரையும் பயமுறுத்தியிருக்கிறது. அதில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் விலக்கு நின்று பல வருஷம் ஆனவர்கள், சீக்கிரம் தொடங்கினால் கணக்கு வேறு என்று பிறகு எழுதியிருக்கிறார்கள். முதலில் சொன்னதை ஒரு தடவை படித்தேன். பின்னால் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மருத்துவரும் மறுக்கவில்லை. "கர்ப்பப்பை இருக்கறதால ரெண்டு ஹார்மோனும் சேர்த்துத்தான் தரணும். அதுல மார்புக்குக் கொஞ்சம் ரிஸ்க் உண்டு, வருஷம் கூடக் கூட அதுவும் கூடும். உங்க விஷயத்துல எவ்வளவுன்னு வீட்டு விவரம் தெரிஞ்சாத்தான் யோசிக்க முடியும்" என்றார்.

அந்த விவரம் தெரிந்தவள் அம்மாவின் தங்கை ஒருத்திதான். கல்லங்குறிச்சியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. மூஞ்சி என்ன இப்படிச் செவந்து கெடக்குது?"

"வெயிலு சின்னம்மா."

"கார்த்திகையில என்னடி வெயிலு? ஒனக்கு நின்னுட்டுதா?" சிரித்தாள். "எனக்கும் இப்படித்தான். மாட்டுத் தொட்டித் தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சுக்குவேன். மாடு என்னையப் பாத்து மெரளும்."

நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக, அம்மாவுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

கடலை உரித்த கை நின்றது. "கட்டி."

"வயித்துலதான?"

முறத்தில் கிடந்த தோலை ஊதித் தள்ளினாள்.

"கழுத்துலகூட இருந்திருக்கும். அப்பல்லாம் கழலை நெறையப் பேருக்கு இருந்துச்சுல்ல?"

ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கேட்டு எழுதுகிறவள் நான். பதிலை எடுத்துக் கொடுத்துக் கேள்வி கேட்பவர்கள் எழுதுவதை நம்பக் கூடாது என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனாலும் மூன்றாவது கேள்வி வாயில் வந்துவிட்டது. "டெஸ்டு எதுவும் எடுத்திருக்க மாட்டாங்களே, புற்றுன்னு யாரு சொன்னா?"

புற்று என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை.

சின்னம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஒனக்கு என்ன பதிலு வேணும்னு சொல்லிடு பாப்பா. அதையே சொல்லிடறேன். சாப்டுட்டுப் போவலாம்."

கேலியா, கோபமா தெரியவில்லை. உடம்பு கூசிவிட்டது. டாக்டர் கேட்டதை அப்போதுதான் சொன்னேன். பிறகு அவளே சொன்னாள்.

இடது மார்பு. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்திருக்கிறார்கள். "ரவிக்கைக்குள்ள துணிய வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் ஒனக்குத் தலை பின்னி உடுவா. வெளில தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்னு, வயித்துவலின்னு சொல்லச் சொன்னதும் அவதான்."

தினமும் என் தலையைப் பின்னியவளிடம் நான் எதையும் கவனிக்கவில்லை.

எந்த வருஷம் என்று கேட்டேன். தன் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என்றாள். கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு முப்பத்தெட்டு. அந்த வயது மனதில் வந்ததும் முதலில் தோன்றியது அம்மாவின் வலி அல்ல. இவ்வளவு சின்ன வயதில் வந்திருந்தால் எனக்கு மருந்து தர மாட்டார்களே என்பதுதான். அதைச் சின்னம்மா என் முகத்தில் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். சோறு போட எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் மருத்துவரிடம் இரண்டையும் சொன்னேன், இடத்தையும் வயதையும். "முதல்ல மேமோகிராம் எடுத்துடுங்க. ஹார்மோன் இப்ப வேண்டாம். ஹார்மோன் இல்லாத மாத்திரை இருக்கு, முழுசா நிக்காது, கொறையும்" என்றார்.

படத்தில் ஒன்றும் இல்லை. மாத்திரையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்றுக் காலை, நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், மாணவர்கள் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே சூடு ஏறியது. திரும்பி, அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நின்றேன். அம்மாவின் நோய் தெரியவில்லை என்று டாக்டரிடம் சொல்லி ஹார்மோனை வாங்கியிருந்தால் யார் கேட்டிருக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. வியர்வை அடங்கிய பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது.