கல் கட்டாத பந்தல்

முதல் வெள்ளிக்கிழமை பெட்டி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வட்டக்கச்சியில் அம்மாவும் வேறு நான்கு பெண்களும் சேர்ந்து, வியாபாரி கழித்துவிடும் மரக்கறிகளைப் பெட்டியில் போட்டு வாராவாரம் பஸ்ஸில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். வளைந்தது, வெடித்தது, புள்ளி விழுந்தது எல்லாம் அதில் வரும். விலை குறைவு, ருசியில் குறைவில்லை. நான் என் கந்தோரில் கூட வேலைசெய்யும் மூன்று பேரைப் பிடித்து மாதச் சந்தாவில் சேர்த்துவிட்டேன். எங்கள் நான்கு பெட்டிகளும் அம்மாவின் பொறுப்பு. திறந்தால் மருந்துக்கும் ஒரு கோணல் இல்லை. கத்தரிக்காய் பளபளவென்று இருந்தது. பயத்தங்காய் அடிமட்டம் வைத்து வளர்த்ததுபோல் இருந்தது.

"எங்கை தம்பி உம்மட கோணல்?" என்று பக்கத்து மேசை அக்கா சிரித்தார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "ஏனம்மா நல்லதுகளைப் போட்டனீங்கள்?"

"பின்ன, கழிச்சதையோ உன்ர கந்தோர் ஆக்களுக்கு அனுப்பிறது? என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"அப்ப கழிச்சது?"

"மாடு திண்டிட்டுது."

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய சாக்கை வியாபாரி அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அப்படியே லொறியில் ஏற்றுவார். அந்தப் பெயரை எடுக்க அம்மா பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். புடலை பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் நுனியிலும் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். கல்லின் பாரத்தில் காய் நேராக இறங்கும். ஒரு காயைக்கூட மறந்ததில்லை.

மூன்றாவது கிழமை, பெட்டி வேலையைப் பார்க்கும் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, மற்றப் பெட்டிக்காரர் எங்களுக்கேன் இப்பிடி நல்ல காய் வாறேல்லை எண்டு சண்டை பிடிக்கினம். அம்மா கேக்கிறா இல்லை. இப்பிடியே போனால் அவாவை நிப்பாட்டத்தான் வேண்டிவரும்."

அந்தக் குழுவுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அம்மா. நிறுத்தினால் அவர் ஊருக்குள் தலைகாட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். பயமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நான் வளர்ந்த காலமெல்லாம் கோணலைத்தானே சமைச்சுத் தந்தனீங்கள்? நான் என்ன குறைஞ்சுபோனன்?" என்று போனில் கத்தினேன். உண்மைதான். எங்கள் வீட்டுச் சட்டிக்குள் நேரான புடலங்காய் ஒருநாளும் விழுந்ததில்லை. அது சந்தைக்குரியது.

"நீ வீட்டுப் பிள்ளை. அவை பிறத்தியார்."

"ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வாங்கோ. கழிச்சதை மட்டும் கொண்டுவாங்கோ. அந்தப் பிறத்தியார் சாப்பிடுறதைப் பாருங்கோ."

வந்தார், இரண்டு பையோடு. இரண்டாவது பைக்குள் நேரான வெண்டிக்காய் இருந்தது. அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

சமையல் எனக்கு வரும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. சுருண்ட புடலங்காயின் உள்வளைவுக்குள் கத்தி போகாது. முதலில் வளையமாக நறுக்கி, பிறகு விதையை விரலால் தள்ளவேண்டும். அதைப் பருப்போடு அவித்துத் தேங்காய்ப்பால் விட்டேன். கத்தரிக்காயில் பூச்சி துளைத்த பக்கத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தைப் பொரித்துக் குழம்பு வைத்தேன். வெடித்த தக்காளி சொதிக்குப் போயிற்று. முறுக்கிக்கொண்ட பாகற்காயைப் பொரித்து வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் செய்தேன். அம்மா குசினி வாசலில் நின்று, "சின்னனா வெட்டு, வளைவு தெரியாமல்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே பெரிதாக வெட்டினேன்.

கந்தோர் ஆட்கள் மூவரும் மத்தியானம் வந்தார்கள். பக்கத்து மேசை அக்கா புடலங்காய்க் கறியை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். "அம்மா, இதேன் இப்பிடி வளைஞ்சது? வடிவா இருக்கு."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "கல்லுக் கட்ட மறந்துபோனன், பிள்ளை." முழுப் பொய். வேலியில் சிக்கிய காய் அது.

"இனியும் மறந்துபோங்கோ, அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் பிந்திச் சிரித்தார். பிறகு எழுந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அந்த அக்காவுக்குத் தானே இன்னும் ஒரு கரண்டி போட்டார். பந்தி முடியும்வரை கரண்டியை என்னிடம் திருப்பித் தரவில்லை. சமைத்தவன் நான் என்பதை யாரும் நினைக்கவில்லை, எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து எங்கள் பெட்டிகளில் கோணல் வந்தது. அம்மாவும் குழுவில் நிலைத்தார்.

அடுத்த போகத்தில் ஊருக்குப் போனபோது பந்தலைப் பார்த்து நின்றுவிட்டேன். பாதிப் பந்தலில் வழக்கம்போலக் கற்கள் தொங்கின. மறுபாதியில் ஒரு கல்லும் இல்லை. புடலங்காய்கள் தம் இஷ்டத்துக்குச் சுருண்டு கிடந்தன. அம்மா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சந்தைச் சாக்குக்குத் தெரிந்தெடுப்பதுபோலவே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் எடுத்து ஒதுக்கினார்.

"அதுக்கு என்ன குறை?"

"கல்லுக் கட்டாமலே நேரா வந்திட்டுது. இதை அனுப்பினால் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"அப்ப சந்தைக்குக் குடுங்கோ."

"சாக்கு விடியவே லொறியிலை போயிட்டுது." அம்மா அந்தக் காயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

மத்தியானம் என் சோற்றுக் கோப்பையில் அதன் கறியைப் போட்டார். எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட முதல் நேரான புடலங்காய் அது.