உப்புப் போட்ட பார்த்தீனியம்

2003, வங்காளத்தில் பூஜை விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு லேக் மார்க்கெட்டில் பத்துக் கிலோ கல்லுப்பு வாங்கினேன். மளிகைக்கடைக் கணேசன், "என்ன சார், ஊரையே ஊறுகாய் போடப் போறீங்களா?" என்றார்.

"மாட்டைக் காப்பாத்தப் போறேன்யா." ஐம்பத்திரண்டு வயதில் இப்படிப்பட்ட வசனங்கள் தானாகவே வருகின்றன.

எங்கள் அலுவலகக் காவலாளி நிமாய்க்கு நகரத்துக்கு வெளியே ராஜர்ஹாட்டில் இரண்டு பசுக்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவை மேய்ந்த நிலத்தில் கட்டடம் வருமென்று கம்பம் நட்டார்கள். கட்டடம் வரவில்லை, பார்த்தீனியம் இடுப்பளவு வந்துவிட்டது. புல்லோடு கலந்து அதுவும் வாயில் போக, பால் கசந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாலும் கசந்தால் இனிமேல் வாங்க மாட்டேன் என்று மிட்டாய்க் கடைக்காரர் சொல்லிவிட்டார். "உப்புத் தண்ணி அடி, கருகிடும். திருச்சி குவார்ட்டர்ஸ்ல நானே அடிச்சிருக்கேன்" என்று முழங்கியவன் நான்.

உல்டாடாங்கா வரை பஸ். நடத்துநர் மூட்டைக்கும் டிக்கெட் கிழித்தார். அங்கிருந்து இன்னொரு பஸ், கடைசி இரண்டு கிலோமீட்டர் சைக்கிள் வண்டி.

பதினொன்றரை மணி. நிமாயின் மனைவி மாலதிக்கு முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. செடியைப் பிடுங்கிய கை.

"கையால பிடுங்காதீங்க, பௌதி" என்றேன் எனக்குத் தெரிந்த வங்காளியில். பௌதி என்றால் அண்ணி; அவர்கள் என்னைக் கூப்பிடும் தாதா என்றால் அண்ணன்.

"வேற எதால தாதா பிடுங்கறது?"

லிட்டருக்கு இருநூறு கிராம் உப்பு. பக்கத்து வீட்டில் மருந்தடிக்கும் டின்னை இரவல் வாங்கி, ஐம்பது லிட்டரும் அடித்தோம். மூன்று மணிக்கே இலைகள் துவண்டன. "தாதா பெரிய விஞ்ஞானி!" என்றான் நிமாய். அந்தப் பட்டத்தோடு மீன்குழம்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

நாலரைக்கு மாலதியின் கூச்சல் எழுப்பியது. வழக்கம்போல் வரப்புப் புல்லுக்கு அவிழ்த்துவிட்ட பசுக்கள், இத்தனை நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட செடியைக் கொத்துக் கொத்தாக இழுத்துத் தின்று, உதட்டை நக்கிக்கொண்டிருந்தன. மாட்டுக்கு உப்பென்றால் உயிர். ஒரு நாள் மாடு வளர்த்தவனுக்கும் தெரியும். திருச்சி குவார்ட்டர்ஸில் மாடு கிடையாது. அங்கே தீனி தின்றது நான் மட்டும்தான்.

மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு நிமாய் சொன்னான்: "ருசி பார்த்துத்தான் போட்டிருக்கீங்க, தாதா."

இரவு அங்கேயே தங்கினேன். ஞாயிறு காலை ஆறு மணி. கறந்த பாலில் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையில்லாத டிகாக்‌ஷனே குடிக்கிற நான் துப்பினேன். முந்தின நாளைவிட மோசம் என்றாள் மாலதி. ஏழு மணிக்கு மிட்டாய்க் கடைக்காரர் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். கேனை எங்கள் பக்கமே திருப்பி நகர்த்தினார்.

"ஒண்ணை வித்தாத்தான் இன்னொண்ணுக்கு வைக்கோல்" என்று நிமாயிடம் சொன்ன மாலதி, என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, தாதா" என்றாள். திட்டியிருந்தால் பஸ்ஸில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்திருப்பேன்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் நிமாய் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். "மாடு?" என்றேன்.

"கறுப்பு விலை போயிடுச்சு, சார்" என்றான்.

அதுவரை அவன் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை.