இடப்பக்கத்துப் பெயர்

என் கணவரின் பெயரை ஒலிபெருக்கியில் நான் கேட்டது சேமக்காலையில். போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகை, மரித்தோர் திருநாள், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த பின்னேரம். கல்லறைகளுக்கு நடுவே சனம் குடையும் மெழுகுதிரியுமாக நின்றது. பாதர் மரித்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். நான் பாதிக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பட்டியலில் எனக்கு உரியவர் மாமா ஒருவர்தான். என் கணவரின் தகப்பன். மீள்குடியேறி இரண்டாம் வருசம் நெஞ்சுவலியில் போனவர். அவர் பெயர் வந்தது. சிலுவை அடையாளம் போடத் தொடங்கினேன். நெற்றியிலிருந்து கை இறங்க முதல் அவருடைய மகனின் பெயர் வந்தது.

முழுப்பெயர். ஞானஸ்நானப் பெயரும் சேர்த்து.

"நிப்பாட்டுங்கோ பாதர்!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். ஒலிபெருக்கி என் குரலை விடப் பெரிது. அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார், அதற்கடுத்ததற்கும். பக்கத்தில் நின்ற பெண் மட்டும் குடையைச் சரித்து என்னைப் பார்த்தா. மாமி பார்க்கவில்லை. மாமாவின் கல்லறையில் எரிந்த இரண்டு மெழுகுதிரிகளையும் கையால் மறைத்தபடி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றா. வந்தவுடனேயே நான் கேட்டிருந்தேன், "ஏன் மாமி ரெண்டு?" என்று. "காத்துக்கு ஒண்டு நூந்தாலும் மற்றது நிக்கும்" என்றிருந்தா.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசிக் கடைசியில் வீட்டுக்கு ஒரு கடதாசி தருவார்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. வலப்பக்கம் மரித்தோர், இடப்பக்கம் உயிருள்ளோர். வலப்பக்கத்துப் பெயர்கள் சேமக்காலையில் வாசிக்கப்படும். கார்த்திகை முழுக்க, உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குக் காத்துக் கிடக்கிற அந்த ஆன்மாக்களுக்குப் பூசை. இடப்பக்கத்துப் பெயர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள், மன்றாட்டு நேரத்தில். வேறு ஊர்களில் செத்தவர்களை மட்டும்தான் எழுதுவார்களாம். முகாமிலிருந்து திரும்பி வந்த முதல் கார்த்திகையில் எங்கள் சனம் பேனையைப் பிடித்துக்கொண்டு எழுத முடியாமல் இருந்ததைப் பார்த்து, அப்போதிருந்த பாதர் கீறிய கோடு அது.

அந்த இடப்பக்கத்தில் பதினான்கு கார்த்திகையாக அவர் பெயரை எழுதினேன். விசுவாசம் என்று சொல்ல என்னிடம் ஏதும் இருந்தால், அது அவ்வளவும் அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

அவர் போனதைச் சொல்லவேணும். சண்டை முடிந்த கிழமை, "பதிஞ்சிட்டு விடுவம்" என்று சொல்லித்தான் ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவருடைய செருப்பு வார் அறுந்திருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி வாருக்குக் குத்திக் கொடுத்தேன். "இது ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்றார். இரண்டு நாள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

பிறகு முகாம். கூடாரத்துக்குள் மாமா, மாமி, நான். செபமாலை கடற்கரை மணலில் எங்கோ போய்விட்டிருந்தது. மாமி விரல்களில் எண்ணினா. பத்து விரலுக்குப் பத்து அருள்நிறைந்த மந்திரம். "ஆண்டவர் அளவு பாத்துத்தான் விரலைப் படைச்சிருக்கிறார்" என்றா. தண்ணீர் வரிசைக்கும் சோற்று வரிசைக்கும் இடையில், அந்த வெக்கைக்குள், எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பைத்தியம் பிடிக்காமல் நான் வெளியே வந்தேன் என்றால் அந்த விரல்களால்தான் வந்தேன். இதை நான் கசப்போடு சொல்லவில்லை. கசப்பு பிறகுதான் வருகிறது.

திரும்பி வந்து புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தோம். மாமாவும் போனபின் அந்த வீட்டில் நானும் மாமியும்தான். எங்களுக்குப் பிள்ளையில்லை. ஒருவரின் வரவைப் பார்த்துக்கொண்டு இரண்டு பெண்கள். ஊர் விதானையார் அரசாங்கக் கடதாசிகளோடு இரண்டு மூன்று தரம் வந்தார்.

"இறப்புச் சான்றிதழ் எடுத்தியளெண்டால் காணி அலுவலெல்லாம் சுகம், தங்கச்சி."

"ஆர் செத்தது?"

"இல்லை, ஒரு கடதாசிக்குத்தானே..."

"கடதாசியிலை ஆளைச் சாக்காட்ட நீங்கள் ஆர்?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். மாமி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. என் பக்கம் நிற்கிறா என்று நினைத்தேன்.

அரசாங்கத்துக்கு நான் எழுதிக் கொடுக்காததைக் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்துப்போட்டது.

அடுத்த நாள் காலமையே பாதரின் அறைவீட்டுக்குப் போனேன். அவர் இளம் ஆள். எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருசமும் ஆகவில்லை. சைக்கிளைச் சாத்த முதலே தொடங்கிவிட்டேன்.

"ஆர் பாதர் உங்களுக்குச் சொன்னது அவர் செத்திட்டாரெண்டு?"

"அக்கா, முதல் இருங்கோ. தேத்தண்ணி..."

"தேத்தண்ணி குடிக்க வரேல்லை."

அவர் கடதாசிக் கட்டைப் பிரட்டி எங்களுடையதை எடுத்துத் தந்தார். நான் எழுதிய அதே தாள். இடப்பக்கத்தில் என் எழுத்து வெட்டப்பட்டிருந்தது. அடிமட்டம் வைத்ததுபோல நேராக ஒரே ஒரு வெட்டு. வலப்பக்கத்தில், மாமாவின் பெயருக்குக் கீழே, நடுங்கின எழுத்தில் அவர் பெயர். மாமியின் கை. "நான் குடுத்துவிடுறன், நீ அலுவலைப் பார்" என்று சொல்லி மாமி தாளை வாங்கிக்கொண்டு போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாதருக்கு என் முகத்தைப் பார்க்கப் பயம்.

"அக்கா, ஆர் எந்தப் பக்கமெண்டு ஆண்டவருக்குத் தெரியும்தானே. நாங்கள் எங்கை எழுதினாலும்..."

"பிறகேன் பாதர் கோடு கீறி வைச்சிருக்கிறியள்?"

அவர் தாளின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கடைசியில், "இதை எங்களுக்குக் குருமடத்திலை படிப்பிக்கேல்லை அக்கா" என்றார். அந்த ஒரு கதைக்காக அவரை மன்னித்துவிட்டேன். மாமியை மன்னிப்பதாக இல்லை.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்கச் சேறு. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அந்த வழியில் என் நெஞ்சுக்குள் நான் ஒரு நீதிமானாக நடந்தேன் என்பதையும் சொல்லவேணும். ஏனென்றால் நான் அப்படிப்பட்டவள் இல்லை.

நாலு வருசமாக மாமிக்குத் தெரியாமல் வவுனியாவில் ஒரு சாத்திரக்காரனிடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வேதத்தில் அது பாவம். சின்னப் பாவமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போவேன். டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு வீடு. அங்கேயும் ஆஸ்பத்திரி போலத்தான்: நம்பர்த் துண்டு, பிளாஸ்டிக் கதிரைகள், குனிந்த தலையோடு பெண்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்: "இருக்கிறார். தண்ணிக்குக் கிட்ட ஒரு கட்டடம். தாடி விட்டிருக்கிறார்." அந்த "இருக்கிறார்" என்ற சொல்லுக்காகத்தான் போனேன், குடிகாரன் தவறணைக்குப் போவதுபோல. ஒரு மாதம் தாங்கும். பிறகு இறங்கிவிடும். பிறகும் கால் பஸ்ஸைத் தேடும்.

ஒருமுறை திரும்பி வரும்போது பக்கத்து சீற்றில் விசுவமடுப் பெண் ஒருத்தி. மகனைத் தேடுகிறவ, சாத்திரக்காரனிடம்தான் அவவும் வந்திருந்தா. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"வேதக்காரிக்கும் சாத்திரமோ?"

"செபமாலையைக் கைப்பைக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் உள்ளை போனனான்."

"கெட்டிக்காரி. உனக்கு என்ன சொன்னவன்?"

"தண்ணிக்குக் கிட்ட ஒரு கட்டடமாம்."

"எனக்கும் அதுதான். தாடி?"

"ஓம். தாடி."

"அப்ப எல்லாரும் ஒரே கட்டடத்திலைதான் இருக்கினம். நல்லது. சீட்டு விளையாட ஆளிருக்கு."

கண்ணீர் வருமட்டும் இருவரும் சிரித்தோம். முன் சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு, அடுத்த மாதம் எந்தக் கிழமை போவது என்று கதைத்துக்கொண்டோம்.

இந்த நான்தான் அன்று குசினி வாசலில் போய் நின்றேன். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தா.

"ஏன் மாமி? பெத்த பிள்ளையை..."

"முடிச்சுச் சொல்லு."

என்னால் முடியவில்லை.

"சாக்காட்டிப்போட்டியள் எண்டு சொல்ல வாறாய். சொல்லன்." மாமி திருவலையை விட்டு எழும்பவில்லை. கையும் நிற்கவில்லை. "அவன் இருந்தால் என்ரை செபம் அவனுக்கு ஒரு குறையும் செய்யாது. இல்லையெண்டால்? உத்தரிக்கிற ஸ்தலத்திலை பதினைஞ்சு வரியமாக் கிடக்கிறான், பிள்ளை. அங்கை கிடக்கிறவைக்குத் தங்களுக்காக ஒண்டும் செய்ய ஏலாது. நாங்கள்தான் செபம் சொல்லவேணும். எல்லாற்றை பிள்ளையளுக்கும் ஆரோ ஒரு ஆள் சொல்லுகினம். இவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தாய் நான் இருந்தும் சொல்லேல்லை. உனக்குப் பயந்து."

"எனக்கோ?"

"உனக்குத்தான். நான் செத்தால் அவனுக்கு ஆர் சொல்லுறது? நீ சொல்லமாட்டாய்."

"அவர் திரும்பி வருவாரெண்டு நீங்கள் ஆண்டவரை நம்பேல்லையோ மாமி?"

"நம்பினபடியாத்தான் பேரைக் கோயிலிலை குடுத்தனான். நீ நம்பினபடியாலோ வவுனியாவுக்குப் போனனீ?"

"ஆஸ்பத்திரிக்கு..." என்று தொடங்கினேன்.

"நாலு வருசம் ஆஸ்பத்திரிக்குப் போறவள் ஒரு குளிசை கொண்டு வரேல்லை. நான் ஏதும் கேட்டனானோ?" அப்போதுதான் தலையை நிமிர்த்தினா. "இருக்கிறான் எண்டு உனக்கு ஒரு ஆள் வாயாலை சொல்லவேணும். ஆண்டவர் சொல்லமாட்டார். அதுதான் போனனீ."

அதற்குப் பிறகு கனநாள் எங்களுக்குள் கதை இல்லை. சோறு போட்டு வைத்தால் அவா சாப்பிட்டா. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கினோம். ஆனால் பொழுதுபட்டால் செபமாலை சொல்லத்தான் வேணும். மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்லவேணும். வீட்டில் வேறு ஆளில்லை. அவா தொடங்க, நான் முடிக்க, அவா தொடங்க, நான் முடிக்க. ஐம்பது தரம். கோபத்தோடும் சொல்லலாம், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அருள்நிறைந்த மரியாயே என்று சொல்லலாம். முப்பதாவது நாற்பதாவது மணியில் பல் தன்பாட்டில் விட்டுவிடும். மன்னிப்பு என்று அதற்குப் பேர் வைக்க மாட்டேன். மூச்சு ஒரே அளவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

சாத்திரக்காரனிடம் போவதை விட்டேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதால் விட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. மாமியின் சொல் உள்ளே கிடந்து அறுத்தது. யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருசமும் என்னோடு கதைத்தவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள். பதிந்துவிட்டு விடுவோம் என்றவர்கள், விசாரிக்கிறோம் என்று கோப்போடு வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டு தாடியைப் பார்த்தவன். வாயே திறக்காதவர் ஆண்டவர் ஒருவர்தான். அவர் மட்டும்தான் இன்னும் எனக்குப் பொய் சொல்லவில்லை. இதை ஒரு பெரிய ஆறுதல் என்று பிரசங்கம் வைக்க நான் வரவில்லை. எனக்குக் கிடைத்த ஆறுதல் இதுதான். இப்பவும் வவுனியா பஸ் சந்தியில் நின்றால் என் கால் ஒருதரம் திரும்பிப் பார்க்கும். பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன்.

மாமி அடுத்த பங்குனியில், தபசுகாலத்தில் போனா. காய்ச்சல் என்று படுத்தவ எழும்பவில்லை. பாதர் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். கடைசி இரண்டு நாளும் கதை இல்லை; கண் மட்டும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. என்ன கேட்கிறா என்று எனக்குத் தெரியும். வாயால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அது அவாவுக்கும் தெரியும். நான் அவாவின் விரல்களைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பாதியையும் பின்பாதியையும் நானே சொன்னேன்.

போன ஐப்பசியில் கடதாசி வந்தது. வலப்பக்கத்தில் மாமா. அதன் கீழே மாமி. பேனையைத் தூக்கி இடப்பக்கத்துக்குக் கொண்டு போனேன். அதில் மாற்றமில்லை. அவர் பெயரை ஞானஸ்நானப் பெயரோடு எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுத் தாளைக் கட்டுக்குள் வைத்தார்.

சேமக்காலையில் அன்று மழை இல்லை, காற்று மட்டும். மாமாவுக்குப் பக்கத்தில் மாமியின் மண் இன்னும் சரியாக இறுகவில்லை. பாதர் வாசித்துக்கொண்டு வந்தார். மாமாவின் பெயர். மாமியின் பெயர். அதன்பிறகு ஒரு கணம் நிறுத்தி, தாளுக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுப் பெயருக்குப் போனார்.

நான் மெழுகுதிரிகளைக் கொளுத்தினேன். கையால் மறைத்துக்கொண்டு, மரித்தவர்களுக்குச் சொல்லுகிற செபத்தை, மாமியின் மகனுக்காக, உதட்டுக்குள் ஒரே ஒருதரம் சொன்னேன். வாய் என்னுடையது. செபம் மாமியுடையது. அவா விட்டுவிட்டுப் போன அலுவல் அது. செய்ய வேறு ஆளில்லை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை கோயில் மன்றாட்டில், அவர் திரும்பி வரவேணும் என்று கேட்கப்போகிற அதே வாய்தான். ஆண்டவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

குடைக்காரப் பெண் இந்த முறையும் பக்கத்தில் நின்றா. குனிந்து கல்லறைகளைப் பார்த்தா.

"ரெண்டு பேருக்கு ஏன் அக்கா மூண்டு?"

"காத்துக்கு" என்றேன்.