கைலாசத்தின் இரண்டு மட்டைகள்

இரண்டு மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஹாக்கி ஆட வருகிறாரா, ஒப்பிட்டுப் பார்க்க வருகிறாரா? நாமக்கல்லில் ஞாயிறு காலைகளில் ஒரு பள்ளி மைதானத்தில் கூடும் நாற்பது கடந்தவர்கள் அணிக்கு அன்பரசுதான் தலைவர். ஏழு மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

கைலாசம் வந்ததும் மைதானத்தைப் பார்க்க மாட்டார். மர மட்டையை மடக்கிய விரலால் மூன்று இடங்களில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பிறகு கார்பன் மட்டையைத் தட்டுவார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர். முப்பது வருடமாகப் பலகையைத் தட்டிப் பார்த்தே வாங்கியவர். கார்பன் மட்டை அவருக்குப் பதில் சொல்லவில்லை.

"சத்தமே இல்லீங்க. உள்ள என்ன இருக்குதுன்னு எப்படி நம்பறது?" என்பார். தன் உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே ஐம்பத்து மூன்று வருடமாக அதை நம்பி நடமாடுகிறவர் அவர். இதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

நம்பாத அந்த மட்டையைச் சேலம் போய் ஒன்பதாயிரம் கொடுத்து வாங்கியவரும் அவர்தான். புது லாரிக்குச் செய்வதுபோல் சந்தனம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். அதோடு சரி. ஏழு மாதத்தில் அது ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறையும் பிரியவில்லை.

மர மட்டையில் விரிசல் விழுந்தது சேந்தமங்கலத்துக்காரர்களோடு ஆடியபோது. மற்றவர்களாக இருந்தால் டேப் சுற்றியிருப்பார்கள். இவர் பட்டறைக்கு எடுத்துப்போய், லாரிப் பலகைக்கு அடிப்பதுபோல் இரும்புப் பட்டா வைத்து இரண்டு ரிவிட் அடித்துக்கொண்டு வந்தார். நடுவர் தடவிப் பார்த்துவிட்டு, இது ஆட்டத்துக்கா அடிதடிக்கா என்று கேட்டார். பட்டாவைக் கழற்றியாயிற்று. மிஞ்சிய இரண்டு ஓட்டைகளை மரத்தூளும் பசையும் அடைத்துக்கொண்டன.

இதற்கிடையில் ஆட்டம் என்ற சில்லறை விஷயமும் ஒன்று இருந்தது. பந்து வரும்போதெல்லாம், கோட்டோரம் கிடக்கும் இன்னொரு மட்டையைத் திரும்பிப் பார்க்கிறவரை நடுவில் நிறுத்தி அணி இரண்டு ஆட்டம் தோற்றது. சேலத்திலிருந்து அம்மாபேட்டை அணி வருவதற்கு முந்தைய வாரம் அன்பரசு சொல்லிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம ஒரு மட்டையோட வாங்க. ரெண்டு தூக்கிட்டு வந்தீங்கன்னா வெளியதான் உக்காரோணும். அதுக்கப்புறம் டீம்ல எடமும் கெடையாதுங்க."

"பாத்துக்கலாம் சாமி" என்றார் கைலாசம். இரண்டோடு வந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக வெளியே உட்கார்ந்தார்.

முதல் பாதியிலேயே அணியில் ஆடிக்கொண்டிருந்த வேலுசாமி கணுக்கால் பிசகி, மட்டையோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வேறு மாற்று ஆள் இல்லை. ஆனாலும் அன்பரசு பத்துப் பேரை வைத்தே ஆடினார். சொன்ன சொல் பெரிதல்லவா. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரரின் மட்டையே முறிந்தது.

கோட்டோரம் வந்து நின்றார். "ஒண்ணக் குடுங்கண்ணா. இன்னொண்ண எடுத்துக்கிட்டு நீங்களும் எறங்குங்க."

ஏழு மாத விசாரணைக்குத் தீர்ப்பு வரப்போகிறது என்று மைதானமே பார்த்தது. கைலாசம் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துத் துப்பினார். கார்பன் மட்டையை அன்பரசுவின் கையில் திணித்துவிட்டு, ஓட்டை அடைத்த மர மட்டையோடு உள்ளே ஓடினார். அதன் பிறகு ஒருமுறைகூடக் கோட்டோரம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது. அதுவும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டது.

டீக்கடையில் அன்பரசு கேட்டார்: "நல்லதக் குடுத்தீங்களாண்ணா, நல்லத வெச்சுக்கிட்டீங்களா?"

கைலாசம் டீ நிறைந்த கண்ணாடி டம்ளரை மடக்கிய விரலால் ஒரு தட்டு தட்டினார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார். பிறகு குடித்தார்.