ரப்பர்த் தேனில் நீல நிலாக்கள்

2014 மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நடந்தவை வரிசையாக:

1. காலை ஆறு மணிக்கு நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினேன். மடியில் மைக்ரோஸ்கோப் பெட்டி, தோளில் மடிக்கணினி.
2. முப்பது கிலோமீட்டர் தாண்டி மார்த்தாண்டத்தில் இறங்கி, திருவட்டாறு பேருந்துக்கு மாறினேன்.
3. அங்கிருந்து ஆட்டோ, அறுபது ரூபாய். "பெட்டியில என்னது மக்கா, தையல் மெஷினா?" என்றார் ஓட்டுநர். தேனிலுள்ள மகரந்தத்தைப் பார்க்கும் கருவி என்றேன். "தேன நக்கிப் பாத்தா போராதா?"
4. ரப்பர் தோட்டத்துக்குள் ஆட்டோ நுழைந்தது.

பழைய இலைகள் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத்தளிர் வந்திருந்தது. அதன் வழியே இறங்கிய வெயில் பால் விடாத தேநீர் போலத் தரையில் கிடந்தது. வரிசை மரங்களுக்கிடையே தேனீப் பெட்டிகள். எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத ஒரு ரீங்காரம். கொஞ்ச நேரம் வந்த வேலையே மறந்து போயிற்று.

பெட்டிகள் ஜெசிந்தா அக்காவுடையவை. போன வருடம் ஒரு வியாபாரி, சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று சொல்லி அவருடைய தேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறை கொச்சியில் ஒருவர் வாங்கத் தயார். சுத்தமான ரப்பர்த் தேன் என்று பரிசோதனை அறிக்கை வேண்டும். அதற்காகத்தான் என்னை அழைத்திருந்தார். நான் எழுதிய கணினி நிரல், மைக்ரோஸ்கோப் படத்தில் ஒவ்வொரு மகரந்தத்தின் அளவையும் வடிவத்தையும் பார்த்து எந்தச் செடியுடையது என்று சொல்லும்.

அவர் வீட்டில் வடிகட்டி வைத்திருந்த மூன்று கேன்களிலிருந்தும் கொஞ்சம் எடுத்து நீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். திரையில் சின்னச் சின்ன நிலாக்கள் மிதந்தன. பாதிக்கு மேல் ரப்பர் என்றது நிரல்.

"ஏட்டி, பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லியாச்சி!" என்றார் அக்காவின் கணவர் வில்சன்.

எனக்கு நிம்மதி வரவில்லை. ரப்பரில் தேனீ தேன் எடுப்பது பூவிலிருந்து அல்ல. தளிரின் காம்பு நுனியில் கசியும் இனிப்புநீரிலிருந்து. அப்படியிருக்க, ரப்பர் மகரந்தம் இவ்வளவு எப்படி வரும்? என் நிரலுக்கு ஒரு குறை உண்டு. எதைக் காட்டினாலும், தனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றைச் சொல்லிவிடும்.

படத்தைப் பெரிதாக்கினேன். மகரந்தத்துக்குரிய வரிப்பள்ளங்கள் அந்த உருண்டைகளில் இல்லை. வீட்டில் டிங்சர் அயோடின் இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். பழுப்பு மெல்லப் பரவ, நிலாக்கள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"மாவு அக்கா."

"மாவா? நான் தேன்ல மாவு கலக்குவனா?" முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எதில் வடிகட்டினீங்க?"

உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டுவந்தார். கஞ்சிப்பசை விறைப்பு இன்னும் போகாத, பாதியாகக் கிழித்த வேட்டி.

வில்சன் எழுந்துவிட்டார். "ஏட்டி! ஈஸ்டருக்கு எடுத்த வேட்டியாக்கும் இது!"

"கொச்சிக்குப் போற தேனுல்லா? பழந்துணியில அரிச்சா அழுக்கு எறங்கும்னு புதுசுல அரிச்சேன்."

"இனி நான் பாதி வேட்டியோட பூசைக்குப் போணும்!"

"போங்க. தேன் நனைஞ்ச வேட்டியில ஈ மொய்க்கும், தேன்காரன்னு ஆளு தெரியும்."

அழுகைக்கு நடுவே அக்கா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து, மெழுகு மூடிய அறையிலிருந்தே தேனை எடுத்தோம். திரையில் தென்னை கொஞ்சம், தொட்டாற்சிணுங்கி கொஞ்சம், ரப்பர் அங்கொன்று இங்கொன்று. மற்றபடி வெறும் பொன்னிற வெளி. இலையில் எடுத்த தேன் அப்படித்தான் இருக்கும். அயோடின் விட்டும் எதுவும் நீலமாகவில்லை.

"அப்போ இந்த மூணு கேனு?"

"அனுப்ப வேண்டாம் அக்கா. மாவு கலந்ததுன்னுதான் சொல்வாங்க."

அவர் கேன்களை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, எவர்சில்வர் வடிகட்டியைத் தேடப் போனார்.

மாலைப் பேருந்தில் ஜன்னலோரம். நான் பிறந்த கோயம்புத்தூரில் தேன் என்றால் பூ. இங்கே இலை. அந்தச் செம்பு வெளிச்சம் தக்கலை வரை கண்ணுக்குள் இருந்தது.

இப்போதைய நிலை: மூன்று கேன்களும் அக்கா வீட்டில், வீட்டுச் செலவுக்கு. பெட்டிகளில் மீதியிருந்த தேன், இலைத்தேன் என்ற என் அறிக்கையோடு கொச்சிக்குப் போயிருக்கிறது, பதில் வரவில்லை. நிரலில் இரண்டு பெயர்களைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று, 'மாவு'. மற்றது, 'தெரியவில்லை'.